முனைக்கட்டையில் குங்குமம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் சிலருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காப்புறுதிச் சட்டம், சேதத்தைப் படம் எடுக்கும் முறை, அறிக்கை எழுதும் விதம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொல்லித் தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. சேத மதிப்பீட்டாளர் வேலை சலிப்பான வேலை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒழுகும் கூரை, வெடித்த தண்ணீர்க் குழாய், பின்னால் இடிபட்ட கார் என்று காலம் போய்க்கொண்டுதான் இருக்கும். பிறகு ஒரு நாள் ஒரு கனூ வரும், துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய வள்ளம். அன்றைக்கு உங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்காது.

எனக்கு அது ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய வசந்தகாலத்தில் வந்தது. பனி உருகிய கையோடு மழையும் சேர்ந்து, ப்ரேரி ஆறு கரை புரண்டு மொன்ட்ரியாலின் பியர்ஃபொன் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே ஆற்றோரத்தில் இருந்தார் ஜெயந்தன் அண்ணை. நகரப் பேருந்து ஓட்டுபவர், யாழ்ப்பாணத்துக்காரர், எங்களிடம் வீட்டுக்குக் காப்புறுதி எடுத்தவர். நான் போனபோது அவருடைய நிலக்கீழ் அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சூடாக்கி போய்விட்டது, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் போய்விட்டது. அவற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வளவில் கவிழ்த்து வைத்திருந்த கனூவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, அதைக் கண்டுபிடித்துத் தா என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் காப்புறுதிக்காரி, தண்ணீருக்குள் இறங்கித் தேடுபவள் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அது சாதாரணக் கனூ இல்லை என்பது உண்மைதான். மெல்லிய மரப்பலகைகளின் மேல் கன்வஸ் துணியை இழுத்துப் போர்த்திப் பச்சை வர்ணம் பூசிய பழைய கனூ. இந்த வகைக் கனூக்களின் இரண்டு நுனியிலும், உள்பக்கத்தில், வளைந்து நிமிர்ந்த ஒரு கட்டை இருக்கும். நான் அதை முனைக்கட்டை என்பேன். தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் கட்டைகள் இரண்டிலும் ஒரே தொடர் எண்ணை அழுத்திக் குத்திவிடுவார்கள். வர்ணம் மாறலாம், துணி மாறலாம், இருக்கை மாறலாம். அந்த எண் மட்டும் மாறாது. ஜெயந்தன் அண்ணை கனூவைத் தனிப் பொருளாக எங்களிடம் பதிந்தபோது அந்த எண்ணையும் தானே வாசித்துக் கொடுத்திருந்தார். அது 3 என்ற இலக்கத்தில் முடிந்தது.

தண்ணீர் வடிந்து சில வாரங்களில் அஹன்சிக் பக்கத்தில், அணைக்குச் சற்று மேலே, ஒரு பச்சைக் கனூ மரங்களுக்குள் செருகிக் கிடப்பதாகச் செய்தி வந்தது. நகரசபை ஆட்கள் அதை எடுத்துவந்து வெள்ளச் சாமான்கள் குவித்திருந்த முற்றத்தில் போட்டிருந்தார்கள். ஜெயந்தன் அண்ணை பேருந்தை ஓட்டிக்கொண்டே போயிருப்பார், அவ்வளவு அவசரம். போய்ப் பார்த்துத் தன்னுடையதுதான் என்று அடித்துச் சொன்னார். ஆனால் அவருக்கு முதல்நாளே இன்னொருவர் வந்து அதே கனூவைத் தன்னுடையது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர் மொசியூ ஜெர்வே, நம் வழக்கில் ஜெர்வே ஐயா. எண்பதைத் தொட்டவர், ஆற்றுக்கு அக்கரையில் லவாலில் தனியாக இருப்பவர். அவருடைய வளவிலிருந்தும் அதே வெள்ளம் ஒரு பச்சைக் கனூவை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அது அவருடைய அப்பா வாங்கியது. அப்பா வாங்கியபோது கடைக்காரர் எழுதிக் கொடுத்த சிட்டையையே கையில் வைத்திருந்தார். அதில் இருந்த எண் ஜெயந்தன் அண்ணையின் எண்ணைப் போலவே தொடங்கி, அப்படியே போய், 8 என்ற இலக்கத்தில் முடிந்தது.

இதைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அப்படி நினைப்பதற்கு முன் விசாரியுங்கள். பழைய தொழிற்சாலைப் பதிவுகளை வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். இரண்டு எண்களுமே உண்மை. இரண்டும் ஒரே நீளம், ஒரே பச்சை, ஒன்றாக ஏற்றப்பட்டு மொன்ட்ரியால் கடை ஒன்றுக்கு வந்த கனூக்கள். கூடப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. இரண்டில் ஒன்று இப்போது முற்றத்தில் கிடக்கிறது. எது என்பதுதான் கேள்வி.

எண்ணைப் பார்த்தால் தீர்ந்தது என்று சந்தோசமாக முற்றத்துக்குப் போனேன். கனூவின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று இருக்கைகளைக் கொண்டு சொல்லலாம். முன்னிருக்கை நுனியிலிருந்து தள்ளி இருக்கும், பின்னிருக்கை நுனிக்கு ஒட்டி இருக்கும். முன் முனைக்கட்டையில் எல்லா இலக்கங்களும் தெரிந்தன, கடைசி ஒன்றைத் தவிர. யாரோ எப்போதோ அடித்த இரும்பாணி ஒன்று துருப்பிடித்து அந்த இலக்கத்தின் இடது பாதியைத் தின்றுவிட்டிருந்தது. வலது பக்கத்து இரண்டு வளைவுகள்தான் மிச்சம். அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆணியை அடித்தவன் முன்னால் நின்றிருந்தால் நல்லாக வாங்கியிருப்பான். பின்பக்கம் நொறுங்கிப்போய், உடைந்த பலகைகள் உள்ளே சரிந்து, சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று முற்றத்துக்காரர் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். வெள்ளத்தில் ஊறிய சாமான்களை அங்கே வைத்திருக்க முடியாதாம், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் நொறுக்கப்போகிறார்களாம். அதற்குள் இரண்டு பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டு எடுத்துப்போகாவிட்டால் கனூவும் நொறுங்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. நான் நேரே பியர்ஃபொனுக்குப் போனேன்.

இந்தத் தொழிலில் எண் கிடைக்காவிட்டால் பழக்கவழக்கத்தைத் தேடுங்கள். மனிதர் ஒரு பொருளோடு எப்படிப் புழங்கினார் என்பது அந்தப் பொருளில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கனூவில் மட்டும் இருந்து, வேறு எவருடைய கனூவிலும் இருக்க முடியாதது ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஜெயந்தன் அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொரு வசந்தத்திலும் முதல்முதல் ஆற்றில் இறக்குவதற்கு முன் அவர் மனைவி கனூவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டுவாராம். வெளியே வைத்தால் தண்ணீர் கழுவிவிடும் என்று உள்ளே முனைக்கட்டையில்தான் வைப்பாராம். அதன் மேலேயே வார்னிஷும் பூசிவிடுவாராம்.

எனக்கு எழும்பித் துள்ள வேண்டும் போல இருந்தது. வார்னிஷுக்குள் அடைபட்ட குங்குமம் எந்த வெள்ளத்திலும் போகாது. எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"முன்னுக்குத்தான் தங்கச்சி. பொட்டு எண்டால் முன்னுக்குத்தானே வைக்கிறது."

அவர் மனைவி பவானி அக்கா அப்போது குசினியில் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன்.

முன் முனைக்கட்டையில் ஒரு பொட்டுக் குங்குமம் இல்லை. வெறும் வார்னிஷ். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற முற்றத்துக்காரர் நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னால் விளங்காது என்றேன். எனக்கு அழுகை வராத குறை. ஜெயந்தன் அண்ணையின் வாயாலேயே அவருடைய கனூ இது இல்லை என்று ஆகிவிட்டதே.

எங்கள் மேலாளரிடம் சொன்னேன். வெள்ளக் கோப்புகள் அவர் மேசையில் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. அவர் தலையை நிமிர்த்தாமலே முடிவு சொன்னார். கிழவரிடம் சிட்டை இருக்கிறது, உன் ஆள் சொன்ன அடையாளம் இல்லை, கிழவருக்கே போகட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போ. தவறான முடிவு என்று சொல்ல முடியாது. கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அதுதான் சரி.

ஆனால் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அலுவலக வாசலில் நின்று யோசித்தேன். பொட்டு வைத்தது யார்? பவானி அக்கா. அந்தப் பொட்டு எங்கே இருந்தது என்று எனக்குச் சொன்னது யார்? அந்த நேரத்தில் கரையில் நின்று காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த மனிதர். நம் வீடுகளில் இது எப்போதும் நடப்பதுதான். விசாரிக்க ஆள் வந்தால் அண்ணை கதைப்பார், அக்கா தேத்தண்ணி போடுவார். வெள்ளைக்கார மதிப்பீட்டாளர் வந்திருந்தால் வீட்டில் இருந்த எல்லோரிடமும் கேட்டிருப்பார். நான் தமிழ்ப் பெண் என்றபடியால் அந்த வழக்கத்துக்குள் சுகமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் உட்காராதீர்கள். கோப்பில் பெயர் இருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராமல், கை பட்டவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணையிடம் கொடுக்க வேண்டாம், உங்களோடுதான் கதைக்க வேண்டும் என்றேன். பொட்டை எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"நான் இருக்கிற பக்கம்."

"நீங்கள் எந்தப் பக்கம் இருப்பியள் அக்கா?"

"பின்னுக்கு. எல்லாரும் என்ர கண்ணுக்கு முன்னால இருக்கவேணும். இவருக்கு அதெல்லாம் தெரியாது. தான்தான் வள்ளம் ஓட்டுறன் எண்டு நினைச்சுக்கொண்டு முன்னுக்கு இருந்து துடுப்புப் போடுவார். திருப்புறது நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். கனூவைத் திசை திருப்புவது பின்னால் இருப்பவர்தான் என்பதை இதற்குள் நானும் படித்திருந்தேன். அத்தனை வருடமும் ப்ரேரி ஆற்றில் நகரசபையின் அனுபவமிக்க சாரதியை முன்னால் உட்கார வைத்து, பின்னால் இருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் பவானி அக்கா.

வியாழக்கிழமை மதியம் பழைய பல் துலக்கும் தூரிகை, ஒரு போத்தல் தண்ணீர், கைமின்விளக்கு எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று முற்றத்துக்காரர் சொன்ன அதே பின்பக்கத்தில், உடைந்த பலகைகளை ஒவ்வொன்றாக விலக்கி, கனூவுக்குள் தலையை விட்டுக் குப்புறப் படுத்தேன். அந்த வயதில் அந்த உடம்போடு நான் படுத்திருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேறு கல்லாக இறுகியிருந்தது. தண்ணீர் விட்டு, பொறுத்து, தூரிகையால் மெல்லத் தேய்த்தேன். திரும்பவும் தண்ணீர் விட்டேன். சேற்றுக்குள்ளிருந்து மரம் வந்தது. மரத்தில் சிவப்பு வந்தது.

அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? முனைக்கட்டை பிளந்திருந்தாலும் உடைந்து விழவில்லை. வருடா வருடம் விரலால் வைத்து அழுத்திய குங்குமம், குத்திய எண்ணின் குழிகளுக்குள் இறங்கி, வார்னிஷின் கீழே அப்படியே பத்திரமாக இருந்தது. மை தொட்டு எழுதியது போல இலக்கங்கள் சிவப்பாக நின்றன. கடைசி இலக்கம் 3.

நான் கனூவுக்குள் படுத்தபடியே ஜெயந்தன் அண்ணைக்கு அழைப்பை எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கியது. மற்றக் கையில் இருந்த மின்விளக்கு சற்றுச் சரிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. அந்தச் சிவப்பு 3க்கு இடது பக்கத்தில் ஏதோ ஒரு நிழல் தெரிந்தது. நான் அழைப்பைத் துண்டித்தேன்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். சந்தனம். முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்றுதானே நாம் வைப்போம். இலக்கத்தின் இடது பக்கத்து வளைவுகளுக்குள் சந்தனம் நிறைந்து காய்ந்து, மரத்தின் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிட்டிருந்தது. குங்குமம் வலது பக்கத்துக் குழிகளில் மட்டும் இறங்கியிருந்தது. நேர் வெளிச்சத்தில் பார்த்தால் 3. வெளிச்சத்தைச் சரித்துப் பார்த்தால் குழியின் விளிம்பு முழுவதுமாகச் சுற்றி வந்தது. 8.

ஜெயந்தன் அண்ணை எப்படி 3 என்று பதிந்தார் என்பது இப்போது விளங்கியது. அவரும் இதே கட்டையைத்தான், எந்த நுனி என்று கவனிக்காமல், இதே சந்தனத்தோடு, நேர் வெளிச்சத்தில் பார்த்து வாசித்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மொசியூ ஜெர்வேயும் பொய் சொல்லவில்லை. குங்குமம் இது ஜெயந்தன் வீட்டுக் கனூ என்றது. எண் இது ஜெர்வேயின் அப்பாவின் கனூ என்றது.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நான் தேடிப்போன விடை எனக்குக் கிடைத்துவிட்டிருந்தது. நேராக வெளிச்சம் அடித்துப் படம் எடுத்து, சிவப்பில் 3 தெரிகிறது என்று எழுதியிருந்தால் அத்தோடு கோப்பு முடிந்தது. மேலாளர் சந்தோசப்படுவார், ஜெயந்தன் அண்ணை என் காலில் விழாத குறையாக நன்றி சொல்வார், மறுநாள் அந்தக் கட்டையை வேறு எவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. எனக்கு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். நம்முடைய ஆட்கள் வேறு. ஆனால் விடை நமக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டால் வெளிச்சத்தை இன்னொரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். சரித்துப் பார்த்த பிறகு, காணாதது போல நடிக்கக் கூடாது. நான் இரண்டு படங்களும் எடுத்தேன், நேர் வெளிச்சத்தில் ஒன்று, சரிந்த வெளிச்சத்தில் ஒன்று. பிறகு இரண்டு வீட்டாருக்கும் தொலைபேசி எடுத்து, காலையில் முற்றத்துக்கு வாருங்கள் என்றேன். ஜெயந்தன் அண்ணையிடம், அக்காவையும் கட்டாயம் கூட்டிவாருங்கள் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை நொறுக்கும் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பழைய குளிர்பதனப் பெட்டிகளும் மெத்தைகளும் அதற்குள் போய்க்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் நின்றுதான் நாங்கள் கதைத்தோம். மொசியூ ஜெர்வே கழுத்துப் பட்டி கட்டி, தலைவாரி, கோயிலுக்கு வந்தவர் போல வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் ஒரு தடவை தமிழிலும் ஒரு தடவை பிரெஞ்சிலும் சொன்னேன். சிவப்பைக் காட்டினேன், சந்தனத்தையும் காட்டினேன்.

ஜெயந்தன் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. நம்பர் என்ன சொன்னாலும் இது தன்னுடைய வள்ளம், காசு கொடுத்து வாங்கியது, யார் வந்தாலும் விடமாட்டேன் என்றார். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. தன் தெருக்கோடியில் இருந்த ஒரு கிழவரிடம் வாங்கியதாகச் சொன்னார். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனவர், வலது கையில் ஒரு விரல் இல்லாதவர், கனூவை விற்கும்போது தடவிக் கொடுத்துவிட்டு விற்றவர்.

விரல் இல்லாதவர் என்று நான் பிரெஞ்சில் சொன்னதும் மொசியூ ஜெர்வே கனூவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய சித்தப்பாவாம். அண்ணனும் தம்பியுமாக ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு கனூ வாங்கினார்களாம். ஆற்றில் போட்டி போட்டுத் துடுப்புப் போடுவார்களாம். கரையேறினால் எது யாருடையது என்று ஒருவரும் பார்ப்பதில்லை, கிட்ட இருந்ததைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அப்படி எப்போதோ மாறியிருக்கிறது. மொசியூ ஜெர்வேயின் வளவில் இவ்வளவு காலமும் இருந்து வெள்ளத்தோடு போனது சித்தப்பாவின் கனூ. அப்பாவின் கனூ தமிழர் வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இப்போது யாருக்கு? தொடர் எண் ஒரு கனூவை மற்றக் கனூவிலிருந்து பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். அது யாருக்குச் சேர வேண்டும் என்பது அதன் வேலை இல்லை. இதை ஒரு பாடமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பாடம் அந்த இரைச்சலுக்குள் நின்றபோதுதான் உறைத்தது.

அப்போது பவானி அக்கா வாயைத் திறந்தார்.

"தகப்பன்ர வள்ளமெண்டால் அவரே கொண்டுபோகட்டும். ஒராளின்ர தகப்பனை நான் பொட்டு வைச்சு மறிச்சு வைக்கேலாது."

ஜெயந்தன் அண்ணை மனைவியின் முகத்தைப் பார்த்து, கனூவின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். நான் அதை மொழிபெயர்த்தேன். மொசியூ ஜெர்வே குனிந்து அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஏன் பின்பக்கத்தில் வைத்தார் என்று கேட்கச் சொன்னார்.

பவானி அக்கா என்னிடம் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்க வேண்டியிருந்தது. அக்கா முன்னால் இருந்தார், தம்பி பின்னால் இருந்தான். வெடிச் சத்தங்களுக்கிடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது தம்பி இல்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வள்ளத்திலும் ஏறவில்லை. இந்தக் கனூ வீட்டுக்கு வந்தபோது, பொட்டு வைத்துத்தான் ஏறுவேன், பின்னால்தான் இருப்பேன் என்று சொல்லி ஏறினார். தன் பிள்ளைகளை அதில்தான் வளர்த்தார். இனி வேறொன்றில் ஏற அவருக்கு மனம் வராது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் எடுத்துப்போங்கள் என்கிறார்.

கிழவர் கண்ணைத் துடைக்கவில்லை. கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"நான் சிறுவனாக இருந்தபோது எப்போதும் முன்னால்தான் இருப்பேன்" என்றார். "அங்கே இருந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் அப்பா இருப்பார். மதாம், எனக்குக் கனூ வேண்டாம். இடைக்கிடை அந்த முன்னிருக்கையைத் தருவார்களா என்று மட்டும் கேளுங்கள்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். பவானி அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு அவ்வளவு விளங்காது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

இருவரும் கையெழுத்திட்டார்கள். முற்றத்துக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கனூவைத் தூக்க ஒரு கை கொடுத்தார். அறிக்கையில் நான், பின் முனைக்கட்டையில் உள்ள எண் சமய வழக்கத்துக்குப் பயன்படும் சிவப்புத் தூளின் உதவியால் வாசிக்கப்பட்டது என்று பிரெஞ்சில் எழுதினேன். மேலாளர் அதை வாசித்துவிட்டு முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தி, இனி எங்களிடம் காப்புறுதி எடுத்த எல்லோரையும் அந்தத் தூளைப் பூசச் சொல்லலாமா என்று கேட்டார். சந்தனம் போடாமல் பூசச் சொல்லுங்கள் என்றேன்.

நொறுங்கிய பின்பக்கத்தை ஜெயந்தன் அண்ணையும் மொசியூ ஜெர்வேயும் சேர்ந்துதான் திருத்தினார்கள். பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகச் சண்டை பிடித்துக்கொண்டு திருத்தினார்கள் என்று அக்கா சொன்னார். கோடை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பியர்ஃபொன் கரைக்கு அழைத்தார்கள். பவானி அக்கா பின் முனைக்கட்டையில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பின்னிருக்கையில் போய் அமர்ந்தார். மொசியூ ஜெர்வேயைக் கையைப் பிடித்து முன்னிருக்கையில் இருத்தினோம். துடுப்பும் மிதப்பு அங்கியுமாக ஆயத்தமாக நின்ற ஜெயந்தன் அண்ணை கனூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்க தங்கச்சி இருக்கிறது?"

நடுவில், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று அக்கா சொன்னார். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறிச் சப்பணம் போட்டு இருந்தார். நான் கரையில் நின்று கையைத் தட்டினேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பவானி அக்கா துடுப்பைப் போட, கனூ ஆற்றின் நடுவுக்குப் போய், வளைந்து, அங்கிருந்த சின்னத் தீவு ஒன்றின் பக்கம் திரும்பியது. அவருக்கு முன்னால் இருவருடைய முதுகும் தெரிந்தது. கண்ணுக்கு எட்டும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மொசியூ ஜெர்வே ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.